இல்லாத புழு

மாநிலத்தின் வயல்களையெல்லாம் வயற்கண் என்ற இயந்திரம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தரிக்காய்ப் புழு அடியோடு ஒழிந்துவிட்டது என்று அது அறிவித்த நாளிலிருந்து, ஆராய்ச்சி நிலைய இயக்குநர் தண்டபாணிக்குத் தன் கண்கள் தேவைப்படவில்லை.

இளம் பூச்சியியல் விஞ்ஞானி செங்கனி, விவசாயிகள் கொடுத்தனுப்பிய கத்தரிக்காய் ஒன்றை அவர் மேஜையில் பிளந்து வைத்தாள். புழு நெளிந்து வெளியே வந்தது.

"வயற்கண் திரையில பூஜ்யம்னு காட்டுது. அப்புறம் ஏதும்மா புழு?" என்றார் அவர், அது தன் கோப்பில் ஏறிவிடாதபடி பேனாவால் தள்ளிவிட்டுக்கொண்டே.

"கத்தரிக் காடெல்லாம் சொத்தையாக் கிடக்குதுங்க சார். நான் வளர்க்கிற குளவிகளை விட்டா இதைத் தேடிப் பிடிச்சுக் கொன்னுரும். உங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

"இல்லாத புழுவுக்குக் குளவி எதுக்கு? நீ குளவி வளர்க்கிற ரூமை இன்னிக்கே காலி பண்ணிரும்மா."

அதற்கான ஆணையில் மட்டும் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எண்ணெய்க் கத்தரிக்காய். இரண்டாவது கவளத்தைப் பிசையும்போது கை நின்றது.

"ஐயையோ, புழு! எடும்மா, எடு!"

சுவரிலிருந்த திரை இன்னும் பூஜ்யத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. செங்கனி கையைக் கட்டிக்கொண்டாள்.

"இல்லாத புழுவை எப்படிங்க சார் எடுக்கறது?"