கரடி மீது புகார்

காடு கரடியின் பேரில் பதிவாகிப் பல வருடமாகிவிட்டது. நெஞ்சில் மஞ்சள் பிறையோடு, பெரிய நாய் அளவே இருக்கும் சூரியக் கரடி. அது ஆளைக் கொன்று, செத்தவரின் குடும்பம் புகார் சொன்னால் மட்டும் சொத்து பறிபோகும். காடு ஏலத்துக்கு வரும்.

கொன்றுவிட்டது. காட்டுக் காவலர் வீரையாவின் கருமாதி முடிந்த மறுநாளே, செம்பனை எண்ணெய்க் கம்பெனி வக்கீல் கிரிதரன் அரசாங்கத்தின் குரல்பதிவுக் கருவியோடு அவர் மனைவி தவமணியின் வீட்டில் வந்து உட்கார்ந்தான்.

“புகார் இருக்குன்னு ஒரு வார்த்தை போதும் அக்கா. உங்க வீட்டுக்காரரைக் கிழிச்சுப் போட்ட மிருகம் லா அது.”

“தெரியும். ஆஸ்பத்திரியில துணியை விலக்கிப் பார்த்தது நான்தான்.”

“அப்புறம் என்ன யோசனை?”

“தேனுக்காக அது மரத்தைக் கிழிக்கிற பொந்துலதான் இருவாச்சிப் பறவை முட்டை போடும்னு, சோறு ஆறுறதுகூடத் தெரியாம அவர் பேசிக்கிட்டே இருப்பார்.”

“உங்களுக்குக் கோவமே இல்லையா?”

“இல்லாம? எதிர்ல வந்தா பாராங் கத்தியாலயே வெட்டுவேன். அது எனக்கும் கரடிக்கும் உள்ள வழக்கு. என் புருஷன் சாவைக் காட்டி நீ காட்டை வாங்க முடியாது தம்பி.”

மேசை மேலிருந்த கருவி கேட்டது: “கரடி மீது புகார் உண்டா?”

“இல்லை.”

கருவி ஒரு தடவைதான் கேட்டது. தவமணி கிரிதரனின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னாள்.