கடலைத் தயிர்

பால், தயிர், நெய் எதையும் தொடாத வீகனாக நான் மாறி எட்டு மாதம் ஆகிறது. எங்கள் அகமதாபாத் வீகன் சங்கத்தில் என்னைவிடத் தீவிரமானவர் கிடையாது; அப்படி ஒருவர் இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

“ஹர்ஷத்பாய், பி12 மாத்திரை போட்டுக்கோங்க. உங்க சாப்பாட்டுல அது கிடைக்காது” என்று டாக்டர் ஜவேரி ஆரம்பத்திலேயே சொன்னார்.

“எருமை மாத்திரை போட்டுக்கிட்டா அவ்வளவு பெருசா வளருது?” என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஒருவேளை பொறுமை இல்லையோ என்னவோ.

போன வாரம் ரத்தப் பரிசோதனை செய்தேன். பி12 அமோகமாக இருந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“அப்படி என்னதான் சாப்பிடறீங்க?”

“என் வீட்டுக்காரி நிலக்கடலையில பண்ற தயிர். தினமும் அதுல மூணு தம்ளர் மோர். மாத்திரை கம்பெனிய இழுத்து மூடச் சொல்லுங்க!”

வீட்டுக்கு வந்ததும் கோகிலாவிடம் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை சங்கத்துல ‘மாத்திரை வேண்டாம்’னு பேசப் போறேன். நீயும் மேடையேறி அந்தத் தயிர் எப்படிப் பண்றதுன்னு சொல்லணும்.”

அவள் ரொட்டி இடுவதை நிறுத்தினாள்.

“கேக்கறீங்களா... கடலைத் தயிர் மொத வாரம்தான் பண்ணேன். நீங்க மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு அப்படியே வச்சுட்டு எழுந்துட்டீங்க. எட்டாம் நாள்லேருந்து எருமைத் தயிர்தான். அன்னிக்குத்தான் ‘இப்பதான் பதம் வந்திருக்கு’ன்னு பாராட்டுனீங்க.”

ஞாயிற்றுக்கிழமை மேடையில், “வீகன்கள் பி12 மாத்திரை போட்டே ஆக வேண்டும்!” என்று முழங்கினேன்.

“திடீர்னு ஏன் இந்த மாற்றம், ஹர்ஷத்பாய்?” என்று ஒருவர் கேட்டார்.

“ரத்தப் பரிசோதனை முடிவு அப்படி” என்றேன் சோகமாக.