வரையாத முகம்

“எல்லாரையும் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கார் உங்க வீட்டுக்காரர். எங்க மேயரை மட்டும் விட்டுட்டாரே, ஏன்?”

மேயரின் உதவியாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி கேட்டார்.

கேட்டது அம்மாவிடம். மகள்தான் முந்திக்கொண்டாள். அவளும் மேயர் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

“வீடு பூரா தேடிட்டேன் சார். ஒரு கோடுகூட இல்ல.”

அப்பா போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. காலையில் பேப்பரைப் பிரித்தால் தலைப்புச் செய்தியைத் தாண்டிக்கொண்டு ஊரே முதலில் அவர் கார்ட்டூனுக்குத்தான் போகும். முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில்கூட அவர் படத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அந்தப் படங்களை நிரந்தரமாக வைக்க நூலக மாடியில் ஒரு கூடத்தை மேயர் ஒதுக்கியிருந்தார். நாளை மறுநாள் திறப்பு விழா.

“அங்க மேயர் முகம் இல்லன்னா ஜனங்க சிரிப்பாங்கம்மா. கார்ட்டூன் போடுற அளவுக்குக்கூட இவர் பெரிய மனுஷன் இல்லையான்னு கேப்பாங்க.” மகள் பக்கம் திரும்பினார் உதவியாளர். “அப்பாவோட பென்சில் கோட்டு மேல மை போட்டது நீங்கதானே? அவர் கை அப்படியே உங்களுக்கு வருமாமே. ஒண்ணே ஒண்ணு போட்டு, கீழ அவர் கையெழுத்தையும்...”

“நீங்க கிளம்பலாம்,” என்றாள் அம்மா.

அவர் படி இறங்கியதும் மகள் பொரிந்து தள்ளினாள்.

“ஏன்மா இப்படி இருக்கே? கூடம் கைநழுவிப் போனா அத்தனை படமும் பரண்ல கிடந்து கரையான் தின்னும்.”

“கரையான் தின்னா காகிதம்தான் போகும்.”

“பேசு, நல்லாப் பேசு. உன் பிடிவாதத்துல அப்பா பேரே அழியப்போகுது.”

அம்மா பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: “சரி. மேயருக்கும் ஒரு ஃபிரேம் உண்டுன்னு போன் பண்ணிச் சொல்லிடு. நானே கொண்டுவந்து மாட்டுறேன்.”

“அப்ப படம் இருக்கா? இத்தனை நாளா எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?”

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விழாவுக்குப் பேருந்து ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், தாதிகள் என்று ஊரே திரண்டிருந்தது. வாசலில் ‘அஞ்சாத பேனா’ என்று பெரிய பலகை. எல்லாப் படங்களையும் பார்த்துச் சிரித்து முடித்த பிறகு, கடைசி ஃபிரேமை மூடியிருந்த துணியை மேயர் இழுத்தார்.

உள்ளே கண்ணாடியும் இல்லை, படமும் இல்லை. வெறும் வெள்ளைத்தாள். கீழே ஒரு சீட்டு: ‘மேயர். வரையப்படவில்லை.’

கூடமே மேயர் முகத்தைப் பார்த்தது. ஆனால் மேயர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மைக்கைப் பிடித்தார்.

“பாத்தீங்களா? குறை இருந்தாத்தானே வரையறதுக்கு!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அது அடங்கும்வரை நின்று, அம்மா மைக்கை வாங்கினாள்.

“குறைக்கெல்லாம் பஞ்சமே இல்லைங்க. ஆஸ்பத்திரி பக்கத்துப் பூங்காவை உங்க மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தீங்களே, அன்னைக்கு அவர் பேனாவைத் திறந்தார். திரும்ப மூடிட்டார். பயந்துட்டார்.”

கூட்டம் சலசலத்தது. மகளுக்கு முகம் பற்றி எரிந்தது. ஓடிப்போய் மைக்கைக் கையால் பொத்தினாள்.

“உனக்கென்ன பைத்தியமா? ஊரைக் கூட்டி வச்சு அப்பா மானத்தை வாங்குறே! அவர் யாருக்கும்மா பயந்தார்?”

“உனக்காகத்தான்டி பயந்தார். நீ மேயர் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டார், ‘இந்த ஆளைத் தொட்டா பிள்ளை வயித்துல அடிப்பான்’னு. அந்த உறுத்தலோடயேதான் போனார். இப்ப ‘அஞ்சாத பேனா’ன்னு பலகை மாட்டினா, அதை நான் எப்படி மூடி மறைக்கிறது?”

பொத்திய கையையும் மீறி அது கூடம் முழுக்கக் கேட்டது.

புகைப்படக்காரர்களுக்காக வைத்திருந்த சிரிப்பு மாறாமல், மகளின் பக்கம் குனிந்தார் மேயர்.

“நாளைக்கு ஆபீசுக்கு வரணும்ல? ஞாபகம் இருக்கட்டும்.”

மகள் அவரையே பார்த்தாள். பிறகு ஃபிரேமைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்து, கைப்பையில் பேனாவைத் துழாவினாள்.

“வரேன் சார். இப்பக் கொஞ்சம் ஆடாம நில்லுங்க.”