ராத்திரிக்கு எத்தனை தடவை

“ராத்திரியில எத்தனை தடவைம்மா வருது?” என்று டாக்டர் ஹாலிதா கேட்டார்.

“ரெண்டு. மிஞ்சிப்போனா மூணு” என்றாள் ஜெயலட்சுமி.

ருவைஸிலிருந்து அபுதாபி வரும் இரண்டரை மணி நேரமும் காரில் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த பொய் அது.

பொய்க்குக் காரணம் இருந்தது. வயது ஐம்பத்தொன்று. மாதவிடாய் நின்று ஒரு வருஷம். நெஞ்சில் பற்றி, கழுத்தில் ஏறி, முகம் முழுக்க வேர்த்துக் கொட்டும் அந்தச் சூடு மூன்று தடவையோடு விடுவதில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால் ஹார்மோன் மாத்திரை எழுதிவிடுவார்கள். அதைச் சாப்பிட்டால் மார்பில் புற்றுநோய் வரும் என்று போன வருஷம் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மாத்திரை இல்லாமலும் ஓடவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள், தூங்காத கண்ணோடு போர்டில் பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு, அடுத்த வரி தெரியாமல் பிள்ளைகள் முன்னால் நின்றிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டாள்.

இதில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகானுபாவர் வேறு.

புருஷன் சேதுமாதவன். ரிஃபைனரியின் கன்ட்ரோல் ரூமில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். இப்போது பகல் டியூட்டி. ராத்திரி படுத்தால் கட்டை. பக்கத்தில் பெண்டாட்டி வெந்துகொண்டிருக்க, ஏசியைப் பதினாறில் வைத்த அறையில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, கொரியாக் கம்பளிக்குள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவார். வெளியே மே மாதத்து வெயில் ஊரைப் பொசுக்கும் காலம் இது. அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும்.

டாக்டர் ‘மூன்று’ என்று எழுதப் போனார்.

மகானுபாவர் செருமினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ரீடிங்னா ரீடிங்தான் டாக்டர். குறைச்சு எழுதக் கூடாது.”

ரிஃபைனரியின் லாக் ஷீட். பாய்லரின் சூட்டையும் அழுத்தத்தையும் மணிக்கு மணி எழுதும் கட்டம் போட்ட தாள். வாரத்துக்கு ஒன்றாக ஏழு தாள். ‘யூனிட்’ என்ற இடத்தில் ‘ஜெயா’ என்று இருந்தது.

தேதி, நேரம், எத்தனை நிமிஷம், குறிப்பு. நாற்பத்தொன்பது ராத்திரி. எட்டுக்குக் குறைந்த ராத்திரி ஒன்றுகூட இல்லை.

ஜெயலட்சுமிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மாட்டிவிட்டாரே என்ற கோபம் பாதி, பாய்லரோடு பாய்லராக எழுதி வைத்திருக்கிறாரே என்ற கோபம் பாதி. தாள்களைப் பிடுங்கினாள். பிடுங்கியதால்தான் குறிப்புகளைப் படித்தாள்.

‘1.35. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.’

‘3.05. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். ஆறு நிமிஷம்.’

‘2.20. நைட்டி மாற்றினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். தூங்குவதுபோல் இருந்தேன். நான் எழுந்தால், என் தூக்கம் கெடுகிறது என்று ஹாலுக்குப் போய்விடுகிறாள். அங்கே ஏசி சரியில்லை.’

அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

மார்ச்சில் ஒரு வாரம் அப்படி ஹாலில் போய்ப் படுத்தது உண்மைதான். அதற்குப் பிறகுதான் இந்த மனுஷன் கட்டையாகத் தூங்க ஆரம்பித்தார்.

ஐம்பத்தாறு வயதுக்காரர். பகலெல்லாம் டியூட்டி பார்த்துவிட்டு, ராத்திரியெல்லாம் கம்பளிக்குள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கடவுளே, இப்படி ஒரு மனுஷனை எனக்குக் கொடுத்தாயே என்று நினைத்தாள். இத்தனை நாள் அவரைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து, கண் நிறைந்தது.

அதற்கப்புறம் பொய் வரவில்லை. பேப்பரில் படித்ததை, பயத்தை, போர்டின் முன்னால் நின்றதை எல்லாம் டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் ஹாலிதா அவசரப்படவில்லை. பயம் வீண் பயம் இல்லை என்றார். அபாயம் கொஞ்சம் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. அவளுடைய மேமோகிராம் சரியாக இருக்கிறது, ரத்தக் கொதிப்பும் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் வந்ததில்லை. வேண்டுமென்றால் குறைந்த அளவில் தொடங்கி மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். வேண்டாமென்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. வீட்டில் யோசித்துவிட்டு வந்தும் சொல்லலாம்.

ஜெயலட்சுமி புருஷன் முகத்தைப் பார்த்தாள். இங்கே வந்த பதினேழு வருஷமாக இருக்கும் பழக்கம் அது. விசாவோ, வேலைக்கான என்.ஓ.சி.யோ, இந்த நாட்டில் அவள் பெயரில் எந்தத் தாள் போனாலும் கீழே அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சேதுமாதவன் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். கடைசித் தாளின் அடியை விரலால் காட்டினார்.

அங்கே இரண்டு கட்டம். ‘ரீடிங் எடுத்தவர்’ என்பதில் அவர் கையெழுத்து. பக்கத்தில் ‘ஷிஃப்ட் இன்சார்ஜ்’. ரீடிங்கைப் பார்த்துவிட்டு, வால்வைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறவரின் கட்டம். அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர் ஒரு தாளையும் மேலே அனுப்பியவர் இல்லை.

ஏழு தாளிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

அவள் டாக்டரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு குறிப்புக் கட்டத்தில் ‘மாத்திரை, குறைந்த அளவு, மூன்று மாதம்’ என்று எழுதி, கீழே காலியாக இருந்த கட்டத்தில் தன் முழுப் பெயரையும் போட்டாள்.

சேதுமாதவன் எழுந்து நின்று, மீதி ஆறு தாளையும் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வைத்தார்.