பிரியாணி ஆறுது, ஓவர்

விண்வெளி வீரர், தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் காய்கறி வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாயத் தொடைடா," என்று ஒயர் இல்லாத மைக்கை நீட்டினான் ஐவன். "நான் போன் அடிச்சாதான் பேசணும். இங்கிலீஷ் மட்டும். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடக்கூடாது."

"போலே லா, செஞ்சிடலாம் மச்சான்," என்றான் ராட்னி. அவன் ஐவனின் மனைவி அகதாவின் தம்பி. மலேசியாவின் ஈப்போ சந்தைக்குக் காய்கறி வேன் ஓட்டுபவன்.

ஐவனுக்கு வேறு வழியில்லை. உலக விண்வெளி வாரத்துக்காக, மேலே சுற்றும் விண்வெளி நிலையத்தோடு ரேடியோவில் பேச மாதக்கணக்கில் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான். ஆனால் அவனே கம்பி வளைத்துக் கூரையில் கட்டிய ஆன்டெனாவில் இதுவரை இரைச்சலைத் தவிர எதுவும் விழவில்லை.

போன வருஷம் நிலாவைக் காட்டுகிறேன் என்று ஊரைக் கூட்டி, தொலைநோக்கியில் வெறும் மேகத்தைக் காட்டியவன் அவன். அன்றிலிருந்து புந்தோங் வட்டாரம் முழுக்க அவன் 'மேகம் ஐவன்'. இன்னொரு பட்டப்பெயரைத் தாங்கத் தெம்பில்லை. அதனால் ரேடியோவையும், வீரராக நடிக்கப்போகும் ராட்னியின் மைக்கையும் ஒரே ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டான்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாலையோடு கமிட்டித் தலைவர் மகேந்திரன். "இன்னிக்கு என்ன தம்பி, மேகமா, மழையா?" என்றார்.

ஐவன் முறைப்படி ரேடியோவில் அழைத்தான். இரைச்சல். மறுபடி அழைத்தான். இரைச்சல். பாக்கெட்டுக்குள் வியர்த்த கை போனைத் தேடியது.

அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஹலோ மலேசியா! நன்றாகக் கேட்கிறது. ஓவர்," என்றது ஓர் ஆங்கிலக் குரல்.

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. விரல் தானாகப் பட்டு ராட்னிக்கு அழைப்பு போயிருக்கும் என்று ஐவன் பெருமூச்சு விட்டான்.

பிள்ளைகள் வரிசையாக வந்து கேட்டார்கள். "மேலே தும்மினால் என்ன ஆகும்?" என்றாள் சிறுமி ஷர்மினி.

"எனக்கு ஒன்றுமில்லை. எதிரில் மிதப்பவர்தான் பாவம். ஓவர்."

மண்டபம் குலுங்கியது. ஒரு 'லா' கூட இல்லை! ராட்னிக்குள் இப்படியொரு நடிகனா என்று ஐவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஆள் நிறுத்துகிற வழியாய் இல்லை. கீழே கடல் தெரிகிறது, இடி மேகத்துக்குள் மின்னல் ஓடுகிறது என்று அளந்துகொண்டே போனது குரல். எழுதிக்கொடுத்ததில் இதெல்லாம் கிடையாது. இவன் உளறி மாட்டிவிடப் போகிறான் என்று பயந்த ஐவன், மைக்கில் உதட்டை ஒட்டித் தமிழில் கிசுகிசுத்தான்.

"டேய் பன்னாடை, போதும்டா. பிரியாணி ஆறுது, ஓவர்."

"பிரியாணி?" என்றது குரல், ஆவலோடு. "எனக்கும் ஒரு பொட்டலம் மேலே அனுப்புங்கள். ஓவர்."

சிரித்துச் சிரித்து மகேந்திரனுக்குப் புரையேறியது. தன் கழுத்து மாலையைக் கழற்றி ஐவனுக்குப் போட்டார். "இனிமே எவனாச்சும் மேகம்னு சொல்லட்டும், நான் பாத்துக்கிறேன் லா!"

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து இரைச்சலில் கரைந்தது. அதைக்கூட எவ்வளவு இயல்பாகச் செய்கிறான்!

தட்டு நிறையப் பிரியாணியும் அதன் மேல் இரண்டு கோழிக்காலுமாக ஐவன் வேனுக்கு ஓடினான். ஏற்றிய கண்ணாடி ஏற்றியபடியே இருந்தது. முழங்கையால் இடித்தான்.

ராட்னி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, கண்ணாடியை இறக்கி, தொண்டையைச் செருமினான்.

"சொல்லு மச்சான், ஆரம்பிக்கலாமா?"