ஏறாது என்று சொன்னவன்

அம்புக்குறி நகரவில்லை.

புது லேப்டாப்பின் திரை நடுவில் அது அப்படியே நின்றது. விரலால் தேய்த்துப் பார்த்தான். தனியாக ஒரு மவுஸைச் செருகிப் பார்த்தான். அதன் அடியில் சிவப்பு விளக்கு எரியவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் பதில் இல்லை.

அதில் ஏற்றிக்கொண்டிருந்த பழைய விண்டோஸ் முதல் படியிலேயே நின்றுவிட்டது. மொழியைத் தேர்ந்தெடு, அடுத்ததை அழுத்து என்றது. அழுத்தத்தான் வழியில்லை.

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பதினாறு வருடமாக அந்த அச்சகத்தில் அவன்தான் கல்யாணப் பத்திரிகை தயார் செய்கிறான். கழுகுமலையில் எந்த வீட்டுக்கு எந்தத் தாய்மாமன் பெயர் முதலில் வரவேண்டும், எந்தச் சித்தப்பா பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சித்தப்பா பெயர் வரவே கூடாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒரு வீட்டு மூத்தவளுக்கு அடித்ததைத் திறந்து, இளையவளுக்குப் பெயர் மாற்றிக் கொடுப்பான். அத்தனையும் ஒரு பழைய மென்பொருளில் இருந்தது. அதுவோ பழைய விண்டோஸைத் தவிர வேறெதிலும் திறக்காது.

மனைவி செண்பகம் கோயம்புத்தூரில் நர்ஸ். மகளும் அங்கேதான். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் அவளுக்கு அப்பா. மற்ற நாளெல்லாம் போன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, நானும் அங்கேயே போகிறேன் என்று சொன்னபோது முதலாளி ஆதிமூலம் அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பழசு ஓடுற வரைக்கும் இருடே. அது நின்ன அன்னைக்கு நீ கெளம்பு. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

சரி என்று வாக்குக் கொடுத்தான். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்பது அவன் கணக்கு. அது மூன்று வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

போன திங்கட்கிழமை ஒருவழியாகக் கண்ணை மூடியது. பைல்கள் மட்டும் தப்பின. அன்றைக்கே செண்பகத்திடம் சொல்லிவிட்டான். அவளும் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவனுக்கு வேலை பேசி முடித்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

இன்று சனிக்கிழமை. காலையில் அண்ணாச்சி புது லேப்டாப்போடு வந்து நின்றார். பழசையே இதில் ஏற்றிவிடு, எல்லாம் முன்போலவே நடக்கும் என்றார். மனிதர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அவன் மறுக்கவில்லை. ஏற்றித்தான் பார்த்தான். இதோ, நிற்கிறது.

“ஏறாது அண்ணாச்சி” என்றான்.

அதில் ஒரு பொய் இருந்தது. புது லேப்டாப்பின் விசைகளோடும் மவுஸோடும் எப்படிப் பேசுவது என்று பழைய விண்டோஸுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கிற டிரைவரை, வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பென் டிரைவில் சேர்த்துவிட்டால் தெரிந்துகொள்ளும். ஒரு மணி நேர வேலை. போன வருடம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அவனே செய்து கொடுத்திருக்கிறான்.

அண்ணாச்சிக்கு இது தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆவணி முகூர்த்தத்துக்கு அடிக்க வந்த பதினேழு பத்திரிகைகள் மேசையில் கிடந்தன. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று எதிர்ப்புறம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இசக்கிராஜைக் கூப்பிட்டார்.

இசக்கிராஜ் வந்தான். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே திரையைப் பார்த்தான்.

“பழசு இதுல ஏறாது அண்ணாச்சி. இது யாராலயும் ஆகாது.”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதுதான். பையை எடுத்துத் தோளில் மாட்டியிருக்கலாம். அண்ணாச்சி நல்ல மனிதர், பஸ் ஏற்றிவிட்டே திரும்பியிருப்பார். நாளைக் காலையில் மகளோடு உட்கார்ந்து இட்லி தின்றிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

யாராலயுமா?

போன மாதம் ஒரு பிரிண்டரை ஓடவைக்கத் தெரியாமல் தன்னிடம் வந்து நின்ற பயல் சொல்கிறான்.

“ஏன் ஆகாது?”

கேட்டது தன் வாய்தான் என்று அவனுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

இசக்கிராஜ் சிரித்தான்.

அது போதுமாயிருந்தது. இசக்கிராஜின் கடைக்கே போய், இசக்கிராஜின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, பென் டிரைவைத் தயார் செய்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள யானைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாலரை மணிக்கு அம்புக்குறி நகர்ந்தது.

ஆறு மணிக்கு, யாரோ ஒரு மூத்தவளின் பத்திரிகை ஓர் எழுத்துச் சிதறாமல் திறந்தது. இசக்கிராஜ் படியிறங்கிப் போனான். அந்த முதுகைப் பார்க்க அவனுக்குத் தித்திப்பாக இருந்தது. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

“இன்னும் பத்து வருசத்துக்குக் கவல இல்லடே” என்று அண்ணாச்சி அவன் தோளைத் தட்டினார்.

அப்போதுதான் உறைத்தது. பத்து வருடம். மகளுக்குப் பத்தொன்பது ஆகியிருக்கும். கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. பழசு ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. செண்பகம். புது லேப்டாப் வந்த கதையைக் காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தான்.

“என்னங்க, ஏறலல்லா?”

எத்தனை மணிக்கு பஸ் என்று மகள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏறிட்டு.”



“யாரு ஏத்துனா?”

இசக்கிராஜ் என்று சொன்னால் போதும். நாலு வார்த்தை அவனைத் திட்டிவிட்டு ஆறிவிடுவாள். பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

அந்தப் பயலுக்கா அந்தப் பேர்?

“நான்தான்” என்றான்.

குரலில் இருந்த பெருமையை அவளும் கேட்டிருப்பாள்.