முந்திய பூட்டு

கையில் பெரிய பூட்டோடு போவாடு ஓடி வருவதைப் பார்த்ததுமே அஃப்ரகோமா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வருவான் என்று தெரியும். இத்தனை சீக்கிரம் வருவான் என்றுதான் நினைக்கவில்லை. தலைநகரில் புது ஜனாதிபதி இன்னும் பதவிப் பிரமாணம் எடுத்து முடிக்கவில்லை. குமாசி லாரி நிலையம் முழுக்க ரேடியோக்கள் அதைத்தான் முழங்கிக்கொண்டிருந்தன.

அவள் நடத்துவது கட்டணக் கழிப்பறைதானே என்று இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு மருந்தும், வீட்டில் அடுப்பெரிவதும் அதனால்தான். ஆட்சி மாறினால் ஜெயித்த கட்சிப் பையன்கள் பூட்டோடு கிளம்பிவிடுவார்கள். கழிப்பறை, சுங்கச்சாவடி எதையும் விடமாட்டார்கள். முதலில் பூட்டுப் போட்டவனுக்கே இடம் சொந்தம். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம்தான், ஆனாலும் எந்தக் கட்சிக்காரனும் அதை மீறியதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏணிக் கட்சி ஜெயித்தபோது அஃப்ரகோமாவும் இப்படித்தான் வந்தாள். அதுவரை இடத்தை நடத்திவந்த, அப்போது உள்ளே தரை கழுவிக்கொண்டிருந்த நியார்கோவின் துடைப்பத்தையும் முக்காலியையும் தன் கையாலேயே தெருவில் வீசினாள். அன்றிலிருந்து நியார்கோ எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து விற்கிறாள். இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

போவாடு அந்த நியார்கோவின் மகன். இப்போது ஜெயித்திருப்பது அவனுடைய மத்தளக் கட்சி.

"சாவியைக் குடுங்க," என்றான் மூச்சிரைக்க.

"உள்ள ஆள் இருக்குப்பா."

"வெளிய வரச் சொல்லுங்க. சீக்கிரம்."

"வீட்டுல மனுஷன் எந்திரிக்க முடியாமக் கிடக்கறார். ஒரு வாரம் தவணை குடு தம்பி, நானே காலி பண்ணிக்கிறேன்."

"ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. முதல்ல எந்திரிங்க."

லாரியில் சாய்ந்து நின்ற டிரைவர் ஒருவன் சிரித்தான். "என்னக்கா, ஏணி ஆடுதா? ஏறின வழியிலேயே இறங்க வேண்டியதுதான்."

உள்ளே இருந்தவர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே திட்டியபடி வெளியே வந்தார். போவாடு கதவைச் சாத்தி, கொண்டு வந்த பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தான். பிறகு படியில் உட்கார்ந்து, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அஃப்ரகோமா தன் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நகர்ந்தாள். அழுகை முட்டியது. யாரைக் குறை சொல்ல முடியும்? வினை விதைத்தவள் அவள்தானே. எதிரே நியார்கோ தலையே நிமிராமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹாரனை அலறவிட்டபடி ஒரு வேன் வந்து நின்றது. இரும்புத் தடியும் பெயின்ட் டப்பாவுமாக மத்தளக் கட்சிப் பையன்கள் குதித்தார்கள். முன்னால் வந்த தடியன் பூட்டைப் பார்த்து நின்றுவிட்டான்.

"யார்ரா பூட்டினது?"

"நான்தான். எங்கம்மா இருந்த இடம்."

"என் மச்சினிக்குன்னு பார்த்து வெச்சிருந்தேன்டா."

"பார்த்து வெச்சா ஆச்சா? பூட்டணும்ல."

தடியன் முறைத்தான். பூட்டை இரண்டு முறை பிடித்து ஆட்டினான். "முந்திக்கிட்டே. அனுபவி, போ." சுவரில் இருந்த ஏணிச் சின்னத்தின் மேல் வெள்ளை அடித்து ஒரு மத்தளத்தை வரைந்துவிட்டு, எல்லாரும் அடுத்த இடத்துக்கு வண்டியைக் கிளப்பினார்கள்.

வேன் கண்ணுக்கு மறைந்ததும் போவாடு எழுந்து நேராக வேப்பமரத்தடிக்கு வந்தான். அஃப்ரகோமா அவசரமாக வாளியை எடுத்தாள்.

"போயிடறேம்பா. விரட்டாதே."

அவன் அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்தான். அவளுடைய பழைய சாவி இல்லை, புதுப் பூட்டின் சாவி.

"நாளைக்கு வழக்கம்போல நீங்களே வந்து திறங்க. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்ப்பா? உங்கம்மாவுக்கு நான் பண்ணினது..."

"எனக்கு இதுல துளிகூட இஷ்டமில்லை," என்றான் போவாடு வேறெங்கோ பார்த்தபடி. "அம்மாதான் பூட்டைக் கையில குடுத்துத் துரத்தினாங்க. 'அன்னிக்கு எனக்காக முந்திப் பூட்ட ஆள் இல்லாமப் போச்சு, இவளுக்காவது நீ ஓடு'ன்னாங்க."